செருப்பைப் போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜைத் திற

தமிழ்நாட்டு வீடுகளில் மின்பாதுகாப்புக்கென்று ஒரு விதி உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது. ஆனால் எல்லா வீட்டிலும் கறாராகக் கடைப்பிடிக்கப்படுகிறது: "செருப்பைப் போட்டுக்கிட்டு ஃபிரிட்ஜைத் தொடு."

பாட்டி அம்மாவுக்குச் சொன்னார். அம்மா மருமகளுக்குச் சொன்னார். மருமகள், வேலைக்கு வரும் அக்காவுக்குச் சொன்னார். கூடவே, "என் செருப்பு வேணாம்க்கா, நீங்க வேற எடுத்துட்டு வந்துடுங்க" என்றும் சொன்னார். வாசலைத் தாண்டிச் செருப்பு வரக் கூடாது என்று ஆசாரம் பார்க்கிற குடும்பத்திலும், ஃபிரிட்ஜ் ஓரம் கிடக்கும் ஒரு ஜோடி ஹவாய் செருப்புக்கு மட்டும் தனிச் சலுகை. அந்த வீட்டின் மொத்த மின்பாதுகாப்பும் அந்த ரப்பரின் கனத்தில்தான் நிற்கிறது.

ஃபிரிட்ஜ் ஷாக் அடிக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் அடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சுவரை உடைக்க வேண்டிவரும்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் பழைய வீட்டில் சுவரை உடைத்தோம். ஷாக்குக்காக அல்ல, மாடுலர் கிச்சனுக்காக. இந்த நாட்டில் எந்த உண்மையும் தன் சொந்த மரியாதையில் வெளியே வருவதில்லை. வேறு எதற்காகவோ தோண்டும்போதுதான் தலைகாட்டும்.

உள்ளே மூன்று தலைமுறை இருந்தது. முதலாவது, தேக்குப் பட்டைமேல் கிளிப் அடித்து ஓட்டிய ரப்பர் வயர். விரலால் தொட்டால் ரப்பர் அப்பளமாக நொறுங்கி, உள்ளே கம்பி அம்மணமாக நிற்கிறது. இரண்டாவது, அலுமினியம். செம்பு இறக்குமதிக்குக் காசு பார்த்த காலத்தில் வீடுகளுக்குள் வந்த சரக்கு. அலுமினியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைச் செம்போடு சேர்த்து முறுக்கிவிட்டுப் போனவர் மேல்தான். அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படியும். சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும். விரிந்து, சுருங்கி, விரிந்து, சுருங்கி, முறுக்கிய இடம் தளரும். தளர்ந்த இடம் சுடும். சுடுகிற இடம் சுவருக்குள் இருக்கும். மூன்றாவது தலைமுறை, 'கன்சீல்டு' என்ற நாகரிகம். அதாவது, அதுவரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த அயோக்கியத்தனத்தைச் சிமெண்ட் பூசி மறைக்கும் தொழில்நுட்பம்.

பட்டை வயரிங்கைக் கிழவர்களின் சமாசாரம் என்று சிரிக்கிறோம். அதில் ஒரு யோக்கியம் இருந்தது. வயர் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று குழந்தைகூடச் சொல்லும். எங்கே கருகியிருக்கிறது என்று படுத்தபடியே பார்க்கலாம். இப்போது சுவர் பளபளவென்று இருக்கிறது. பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்து, அதன்மேல் புத்தர் முகம் மாட்டியிருக்கிறோம். புத்தருக்குப் பின்னால் ஒரு ஜாயிண்ட் புகைந்துகொண்டிருக்கிறது.

எங்கள் பாத்ரூம் கதவுக்கு மேலே அப்படி ஒன்று அகப்பட்டது. கீஸருக்குப் போகிற வயர். நீளம் ஒரு முழம் குறைந்திருக்கிறது. புது வயர் இழுக்கச் சோம்பல். மிச்சமிருந்த மெல்லிய வயர் ஒன்றை எடுத்து முறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். கருப்பு டேப் தீர்ந்துபோயிருக்க வேண்டும். பால் கவரைக் கிழித்துச் சுற்றி, சணல் கட்டி, மேலே சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டார்கள். கவரில் பால் கொழுப்பின் அளவு இன்னும் படிக்கிற மாதிரி இருந்தது. மின்சாரம் பற்றி அந்த இடத்தில் அச்சிடப்பட்ட ஒரே தரக் குறிப்பு அதுதான்.

இந்த ஒரு முழ வயருக்குள் என்ன ஓடியது? இந்த வீடு கட்டிய காலத்தில் ஓர் அறையின் மொத்தச் சொத்து ஒரு 40 வாட் பல்பு, ஒரு 80 வாட் ஃபேன், கூடத்தில் ஒரு ரேடியோ. அந்த அளவுக்குத்தான் தாங்கும் வயர் அது. இன்றைக்கு 2,000 வாட் கீஸர். ஐம்பது பழைய பல்புகளை ஒரே நேரத்தில் எரித்த கணக்கு. அதோடு ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், இரும்புப் பெட்டி. சாதனம் வாங்கும்போது நட்சத்திரம் எண்ணுகிறோம். மூன்று நட்சத்திரமா, ஐந்தா? வயருக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கேட்ட ஒருவரை நான் ஷோரூமில் பார்த்ததில்லை. அந்த ஐந்து நட்சத்திர ஏ.சி.யின் பதினாறு ஆம்பியர் பிளக்கை, பழைய ஐந்து ஆம்பியர் சாக்கெட்டில் நுழைக்க ஒரு கன்வெர்ட்டர் விற்கிறது. தெருமுனைக் கடையில் கொக்கியில் தொங்கும். மீன்குஞ்சுக்குள் திமிங்கிலத்தை நுழைக்கும் அந்தக் கருவிக்கு யார் அனுமதி கொடுத்தார் என்று கேட்காதீர்கள். தொங்குகிறது. விற்கிறது. அவ்வளவுதான்.

உடைந்த சுவரைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியன் கேட்டார்: "யார் சார் இந்த வேலை பண்ணது?"

தொழில் மரபுப்படி முதல் கேள்வி இதுதான். அடுத்து நாக்கைச் சப்புக் கொட்ட வேண்டும். அதன்பின் தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். எஸ்டிமேட் அதற்குப் பிறகுதான் வாயிலிருந்து வரும். நாற்பது வருடமாக ஒவ்வோர் எலக்ட்ரீஷியனும் தனக்கு முன்னால் வந்தவரைத் திட்டிவிட்டு, அவர் விட்டுப்போன ஜாயிண்ட்டிலேயே தன்னுடையதையும் சேர்த்து முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஒருவர்கூட ஒன்றை நீக்கவில்லை. எல்லோரும் சேர்த்தார்கள்.

கட்டட கான்ட்ராக்டருக்கு வேறு வாதம். "நாப்பது வருஷமா ஓடிச்சே சார், ஒண்ணும் ஆகலையே?" இந்தியாவில் பாலம், பள்ளிக்கூடம், பட்டாசு ஆலை எல்லாவற்றுக்கும் தரும் தரச் சான்று இதுதான். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆன மறுநாள் அதே வாய் சொல்லும்: "அதான் நான் அப்பவே சொன்னேன்."

இனி எர்த். இதைக் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் ஃபிரிட்ஜ் செருப்பின் மர்மம் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். அப்படிக் கட்டுவது வழக்கம்தான். ஜி.ஐ. குழாய் மண்ணுக்குள் ஓடியது. ஏதோ பெயருக்கு வேலை செய்தது. பிறகு குழாய் துருப்பிடித்தது. பிளம்பர் வந்தார். மண்ணுக்குள் இருந்த இரும்பை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் போட்டார். எர்த் கம்பி கட்டிய ஒரு முழக் குழாயை மட்டும் சுவரோடு விட்டுவிட்டார். அது பிளம்பிங் இல்லையே. அவர் ஏன் தொட வேண்டும்? எலக்ட்ரீஷியனைக் கேட்டால், குழாய் மின்சாரம் இல்லையே. அவர் ஏன் பார்க்க வேண்டும்? கம்பி இருக்கிறது. குழாய் இருக்கிறது. கம்பி குழாயில் இறுக்கமாகக் கட்டியும் இருக்கிறது. பூமி ஒன்றுதான் இல்லை.

இதன் விளைவு விசித்திரமானது. வீட்டின் எல்லா மூன்று பின் சாக்கெட்டுகளும் அந்த ஒரே கம்பியில் கைகோத்து நிற்கின்றன. ஃபிரிட்ஜில் கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், அதே கம்பி வழியாக வாஷிங் மெஷினின் உடம்புக்குப் போகிறது. ஃபிரிட்ஜ் நோயாளி, ஷாக் அடிப்பது வாஷிங் மெஷின். மெக்கானிக் வந்து மெஷினைக் குப்புறப் போட்டுப் பார்த்தார். "போர்டு போச்சு சார்" என்றார். போர்டை மாற்றினோம். அடித்தது. மெஷினையே உறவினர் ஒருவருக்குத் தள்ளிவிட்டோம். அவர் வீட்டில் அடிக்கவில்லை. "உங்க வீட்டு ராசிதான்" என்று அவர் மனைவி சொன்னார். புது மெஷின் வாங்கினோம். அதுவும் அடித்தது. அப்போதும் யாரும் சுவரைச் சந்தேகப்படவில்லை. ஜாதகத்தை எடுத்துப் பார்க்கும் அளவுக்குப் போனது பேச்சு.

எர்த்தே இல்லாத வீட்டுக்கு இன்னொரு கைவைத்தியம் உண்டு. சாக்கெட்டுக்குள் எர்த் பின்னையும் நியூட்ரலையும் விரல் நீளத் துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப்பை வைத்தால் ஜம்மென்று எரியும். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். எலக்ட்ரீஷியனுக்குக் கூலி. என்றைக்கு அந்த நியூட்ரல் எங்காவது அறுகிறதோ, அன்றைக்கு 230 வோல்ட் நேராக ஃபிரிட்ஜின் உடம்புக்கு வந்து உட்காரும். சாதனம் எதுவும் பழுதாகியிருக்கத் தேவையில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்தால் போதும்.

எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, ஆளுயரத்துக்கு மேல் நீளமான குழாயை இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்றி வைப்பது என்றொரு முறை இருக்கிறது. அதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 3043 என்று எண் போட்டுத் தனி ஆவணம் வைத்திருக்கிறது. நம் கட்டடக்காரர் கைவசம் இருப்பது முழங்கை நீளக் கம்பி. அதை அடித்து இறக்கி, மேலே டைல்ஸ் ஒட்டி, கார் நிறுத்திவிடுவார். குழி எங்கே என்று கேட்டால் கார் நிற்கிற இடத்தைக் காட்டுவார். காரை எடுங்கள் என்றால், "சாவி உள்ள இருக்கு சார்."

சுவிட்சுகளிலும் ஒரு திருவிளையாடல். சுவிட்சைக் கரண்ட் வரும் ஃபேஸ் வயரில் போட வேண்டும். எங்கள் வீட்டில் பாதி நியூட்ரலில் இருந்தது. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஸ்டூல் போட்டு ஏறி, ஹோல்டரில் கை வைக்கிறவருக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும். எல்.இ.டி. பல்பு வந்த பிறகு இதற்கு ஒரு அறிகுறி கிடைத்தது. ராத்திரியில், அணைத்த பிறகும், சில பல்புகள் மங்கலாக மினுங்கும். பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். "சைனா பல்பு, அப்படித்தான் இருக்கும்" என்று திரும்பிப் படுத்துவிடுகிறோம். சுவர் தன்னால் முடிந்த அளவுக்கு வாக்குமூலம் கொடுக்கிறது. கேட்க ஆள் இல்லை.

கேட்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. ஆர்.சி.சி.பி. போன கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதர் உடம்பு வழியாகக் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டையே துண்டித்துவிடும். "எம்.சி.பி. இருக்கே சார், அது விழுந்துடும்" என்பார்கள். ஆறு ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 6,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். உயிருக்கு ஆபத்தான அளவைப் போல 200 மடங்கு போனாலும் அது பாட்டுக்கு நிற்கும். ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுக்கிற கரண்ட்டே சுமார் 260 மில்லி ஆம்பியர். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. வயர் பிழைத்துக்கொள்ளும். எம்.சி.பி. விழாது. மனிதர்தான் விழுவார்.

எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தது! எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸைத் திறந்ததும் எனக்கே பெருமையாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் டெஸ்ட் பட்டனை அழுத்தினார். அசையவில்லை. கழற்றிப் பார்த்தால், உள்ளே வருகிற வயரும் வெளியே போகிற வயரும் அதைத் தொடாமல் ஓரமாகக் கைகுலுக்கிக்கொண்டு போயின.

"டைரக்ட் பண்ணிட்டாங்க சார். அடிக்கடி விழுந்திருக்கும்."

அடிக்கடி ஏன் விழுந்தது? கசிவு இருந்ததால். கசிவைக் கண்டுபிடித்துச் சொன்னது யார்? அந்தக் கருவி. தண்டனை யாருக்கு? அந்தக் கருவிக்கு. உண்மை சொன்ன அதிகாரியை ஓரமாக உட்காரவைத்து, பெயர்ப்பலகையை மட்டும் வாசலில் விடுகிற அரசு நிர்வாகக் கலையை நாம் தலைமைச் செயலகத்தில் மட்டும்தான் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். சட்டத்துக்கு என்ன குறைச்சல்? 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 45-ஆவது விதி: பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர, உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் மூலமாக, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் எந்த வயரிங் வேலையும் நடக்க வேண்டும். 48-ஆவது விதி: இணைப்புக் கொடுக்குமுன் 500 வோல்ட் அழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்தி, இன்சுலேஷன் 1 மெகாஓம்முக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 46-ஆவது விதி இன்னும் ருசியானது. ஒவ்வொரு நுகர்வோரின் மின் அமைப்பையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை! மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவரைத் தெரியும். தேர்தலுக்கு வருகிறவர்களைத் தெரியும். அவர்களுக்கும் ஐந்து ஆண்டுக் கணக்குதான். சுவருக்குள் வயர் நலமா என்று விசாரிக்க வந்த ஒருவரை உங்கள் வாழ்நாளில் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் அப்பா பார்த்திருக்கிறாரா? 1956-இன் விதிகள் போய் 2010-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. அவை போய் 2023-இல் இன்னும் புதியவை வந்தன. 1957-இல் பிறந்த மின்சார வாரியம் 2010-இல் பிரிந்தது. பிரிந்த பகுதி 2024-இல் மறுபடி பிரிந்தது. எல்லாவற்றையும் மாற்றினார்கள். எங்கள் பாத்ரூம் கதவுக்கு மேலிருந்த பால் கவர் மட்டும் எந்த ஆட்சியிலும் அசையவில்லை.

உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் விஷயத்துக்கு வருவோம். இருக்கிறார். ஐயமே வேண்டாம். எங்கள் வீட்டின் பழைய ஃபைலில் அவர் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, இன்சுலேஷன் அளவு மெகாஓம் கணக்கில் திருத்தமாக இருக்கிறது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததுதான் இல்லை. பெரியவர்கள் யாருக்கும் அவர் முகம் ஞாபகமில்லை. முத்திரை ஒரு பையில் ஊர்வலம் வரும். படிவத்துக்கு இவ்வளவு என்று ஒரு ரேட். வேலை செய்தவர் ஒருவர். கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். மேற்பார்வை பார்த்தவர் முருகன். ரப்பர் ஸ்டாம்புக்கு ஒரு வசதி. ஷாக் அடிக்காது.

வேலை செய்த பையனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவனுக்குப் பாயிண்ட் கணக்கில் கூலி. ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு, வயரும் சேர்த்து, முடிந்தது பேச்சு. எந்த வயர் என்று பேச்சில் இல்லை. வயர் மிச்சமானால் அவனுக்கு மிச்சம். நீளமானால் அவனுக்கு நஷ்டம். இந்தக் கணக்கில் யார்தான் ஜாயிண்ட் போட மாட்டார்கள்? தொழிலை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடமல்ல, வாங்கிய ஷாக். டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு, இன்சுலேஷனைப் பல்லால் உரித்து, பிளாஸ்டிக் நாற்காலிமேல் நின்று வேலை செய்கிறான். கையுறை கேட்டால் மேஸ்திரி சிரிப்பார். அவனுக்கு ஏதாவது ஆனால், "பையன் அஜாக்கிரதை சார்" என்பார்கள். கீழிருந்து ஒருவர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மெயினை ஆஃப் செய்யாமல் விட்டிருப்பார். அவர் பெயர் எங்கும் வராது.

கணக்குக் கேட்க வேண்டியது நம்மிடம்தான். வீட்டைப் புதுப்பிக்கிற நடுத்தர வர்க்கத்தின் பட்ஜெட்டை விரித்துப் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங். இத்தாலி என்று பெயர் சொல்லி ராஜஸ்தானிலிருந்து வருகிற மார்பிள். சீலிங் ஓரமெல்லாம் நிறம் மாறும் எல்.இ.டி. ஸ்ட்ரிப். கண்ணாடி மாதிரி மின்னும் மாடுலர் சுவிட்ச். பிளேட்டின் நிறத்துக்கே இரண்டு நாள் குடும்பச் சண்டை. இதிலெல்லாம் பேரம் இல்லை. "லைஃப்ல ஒரு தடவதானே பண்றோம்." வயருக்கு வந்ததும் பர்ஸ் மூடிக்கொள்ளும். "பழைய வயர்லயே இழுத்துக்கலாமில்ல? சுவரை எதுக்கு உடைக்கணும்?" ஆர்.சி.சி.பி.க்கு இரண்டாயிரம் மூவாயிரம் என்றால், "அது கட்டாயமா?" என்ற கேள்வி வரும். விருந்தாளி அண்ணாந்து பார்த்துப் பாராட்டப்போவது சீலிங்கைத்தான். ஆர்.சி.சி.பி.யைப் பாராட்ட ஒரு விருந்தாளியும் டி.பி. பாக்ஸைத் திறக்கப்போவதில்லை.

ஒரே ஒரு நிபுணருக்கு மட்டும் பேரமில்லாமல் ஃபீஸ் கொடுக்கிறோம். வாஸ்துக்காரர். மின்சாரம் அக்னி, ஆகவே டி.பி. பாக்ஸ் அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்றார். தென்கிழக்கு. சமையலறையும் அங்கேதான். மாடுலர் கிச்சன்காரர் சிங்கை நகர்த்த முடியாது என்றார். ஆகவே டி.பி. பாக்ஸ் சிங்க்குக்கு மேலே. குழாயைத் திறந்தால் தெறிக்கிற தூரம். "தண்ணிகிட்ட வைக்கக் கூடாது சார்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். வாஸ்துக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இருவரில் யாருக்கு ஷாக் அடித்த அனுபவம் உண்டு என்று அந்தச் சபையில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். மூத்தவர் ஒருவர், "நாத்திகம் பேசாதே" என்றார். பெட்டியை வேறு சுவருக்கு மாற்ற எனக்குத் தேவைப்பட்டது மின்சார விதி அல்ல. இன்னொரு வாஸ்துக்காரரின் கருத்து.

தளர்ந்த ஒரு கம்பி என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் விலை கொடுத்து வாங்கிய பாடம் இருக்கிறது. 1997 ஜூன் 13. டெல்லியில் உப்ஹார் தியேட்டர். கீழ்த்தளத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் அன்று காலையில் பழுது. மின்வாரிய ஊழியர்கள் வந்து சரிசெய்தார்கள். கேபிள் முனையை இறுக்கக் கிரிம்பிங் மெஷின் வேண்டும். அது இல்லை. சுத்தியல் இருந்தது. தட்டினார்கள். கரண்ட் வந்தது, படம் ஓடியது. அன்று மாலைக்குள் இணைப்பு தளர்ந்து தீப்பிடித்தது. புகை பால்கனிக்கு ஏறியது. கூடுதல் டிக்கெட் விற்பதற்காக வழியை அடைத்துப் போட்ட நாற்காலிகள் அங்கே காத்திருந்தன. 59 பேர் செத்தார்கள். ஒரு கருவி இல்லாத வேலை முடியச் சில நிமிடம். வழக்கு இழுத்தது 20 ஆண்டுக்கு மேல்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கிச் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணி எழுதி வைக்கிறது. வயலில், கம்பத்தில், மழைத் தண்ணீரில் செத்தவர்களும் இதில் சேர்த்தி. எண்ணுவதில் நாம் சோடை போனதே இல்லை. ஊரில் ஒரு கட்டடம் தீப்பிடித்தால், அணைக்குமுன்னே காரணம் தயார்: மின்கசிவு. அதற்குக் கை இல்லை, கால் இல்லை, உரிமம் இல்லை, வக்கீல் இல்லை. சம்பவ இடத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறது. அதோடு விசாரணை முடிந்தது. கசிய விட்டவர் அடுத்த தெருவில் அடுத்த கட்டடத்துக்கு எஸ்டிமேட் கொடுத்துக்கொண்டிருப்பார்.

அப்படிச் சாகிறவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். வீட்டுக்காரர் செருப்போடு, காய்ந்த கையோடு, ஃபிரிட்ஜைத் திறக்கிறார். தரையைத் துடைத்துவிட்டு, ஈரக் கையும் வெறுங்காலுமாக அதே ஃபிரிட்ஜை நகர்த்திப் பின்பக்கம் பெருக்குகிறவர் வேலைக்கார அக்கா. வாடகை வீட்டுக்காரர் ஷாக் அடிக்குது என்று புகார் சொன்னால், "உங்களுக்கு முன்னால இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே" என்பார் ஓனர். சுவர் ஓனருடையது. ஷாக் குடியிருப்பவருடையது. அந்தப் பங்கீட்டுக்கு வாடகை ஒப்பந்தத்தில் தனி ஷரத்தே வேண்டாம்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். மெயினிலிருந்து புது வயர், கீஸருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனி லைன், ஜாயிண்ட் எல்லாம் திறந்து பார்க்கிற பெட்டிக்குள், கார் நிற்காத இடத்தில் எர்த் குழி. ஆர்.சி.சி.பி. முதல் வாரம் இரண்டு முறை விழுந்தது. "டைரக்ட் பண்ணிடலாமா?" என்று வீட்டிலிருந்தே குரல் வந்தது. பிடிவாதமாகத் தேடியதில், தப்பித்திருந்த பழைய நியூட்ரல் ஒன்று மாடிப்படிக்குக் கீழே அகப்பட்டது.

பட்டி பூசுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் ஒன்று கேட்டேன்.

"அண்ணே, எந்த வயர் எந்தச் சுவர்ல எப்படிப் போகுதுன்னு ஒரு டிராயிங் போட்டுக் குடுங்க. டி.பி. கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிடலாம்."

நாக்கைச் சப்புக் கொட்டினார். தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"அது எதுக்கு சார் வேஸ்ட்டா? அடுத்து வர்றவன் எப்படியும் உடைச்சுத்தான் பாப்பான்."